ஒரே சாம்பிளை ஜட்ஜ் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார், உங்களுக்கு இப்படி நடந்திருக்கிறதா?

பீளமேடு_நூல்
டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்கான சட்டை. ஃபேஷன் டெக்னாலஜி கடைசி வருட புராஜெக்ட், அதையே கல்லூரிகளுக்கு இடையே நடந்த பிட்ச்சிங் போட்டிக்கும் கொண்டுபோனேன். ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக அறுவை செய்து ரத்தக்குழாய்களை இணைத்த இடம்) இருக்கிற கையில் தோளிலிருந்து மணிக்கட்டு வரை ஜிப், ஊசி குத்தும் இடத்தை மட்டும் திறந்துகொள்ளலாம், மீதி மூடியே இருக்கும். அந்த அறைக்குள் போய் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், நாலு மணி நேரம் ஏசியில் அசையாமல் படுத்திருக்க வேண்டும், பல பேருக்குக் குளிர் தாங்காது, சட்டைக் கையைச் சுருட்டி மேலே ஏற்றினால் அந்த இறுக்கம் ஃபிஸ்டுலாவுக்கு ஆகாது.

இரண்டு ஜட்ஜுகள் வழக்கம்போல மார்க்கெட் எவ்வளவு பெரிசு என்று கேட்டார்கள். மூன்றாவது ஆள் திருப்பூரில் ஏற்றுமதி யூனிட் நடத்துகிறவர். ஸ்லைடு பக்கமே திரும்பவில்லை. சட்டையை வாங்கியதும் முதல் வேலையாக உள்புறம் புரட்டினார். ஜிப் ஓரத்தில் கட்டைவிரலை வைத்துத் தோளிலிருந்து கீழே வரை தடவிக்கொண்டே வந்து முழங்கை மடிப்பில் நிறுத்தி, "இங்க ஃபியூசிங் வச்சிருக்கியா அம்மணி?" என்றார். வைத்திருந்தேன், உள்ளே ஒட்டுகிற விறைப்புத் துணிதான் அது, பனியன் துணியில் வெறும் ஜிப் போட்டால் அலை அலையாக நிற்கும். "லெஃப்ட் கைக்கா, ரைட் கைக்கா?" ரெண்டுக்கும் உண்டு சார் என்றேன். "அப்ப ஒவ்வொரு சைஸுக்கும் ரெண்டு ஸ்டாக்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அப்புறம், "இதை நான் வச்சுக்கட்டுமா?"

மேடையில், மைக் முன்னால், எல்லோரும் பார்க்கிறார்கள். கொடுத்துவிட்டேன். சாப்பாட்டு நேரத்தில் தேடினால் ஆளும் இல்லை, சட்டையும் இல்லை. பரிசு ஒரு செயலி செய்த அணிக்குப் போனது, அது பரவாயில்லை. அவர் எதற்குக் கேட்டார்? அதுதான் இன்றுவரை மண்டையைக் குடைகிறது.

ராயபுரம்_ரோல்
எதற்கா? போடத்தான். எனக்கு நடந்ததைக் கேளுங்கள். ஹூடி, உள்பாக்கெட்டிலிருந்து கழுத்து வரை இயர்போன் ஒயர் போக வழி, அது வெளியே வரும் இடத்தில் ஒரு பார்ட்டேக், பிரியாமல் இருக்க நெருக்கமாகப் போடுகிற தையல். கையில் இருந்த நூல் தீர்ந்துபோய் அந்த ஒரு இடத்தில் மட்டும் பாசிப்பச்சை நூல் ஓடியது. ஒரு யூனிட்டில் ரேட் கேட்கப் போனவன் சாம்பிளை விட்டுவிட்டு வந்தேன், "ரெண்டு நாள்ல சொல்றோம் தம்பி." சொல்லவே இல்லை. தீபாவளிக்கு முன்னால் திருப்பூர் காதர்பேட்டையில் ஒரு கடை வாசலில் கட்டுக் கட்டாக ஹூடி தொங்குகிறது, கருப்பு, சாம்பல், மெரூன், எல்லாவற்றிலும் கழுத்தோரம் பாசிப்பச்சை பார்ட்டேக். நூல் தீர்ந்ததால் வந்த நிறத்தையும் சேர்த்து எடுத்திருக்கிறார்கள். கையால் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். என்ன கேட்பது, யாரிடம் கேட்பது?

மெர்ச்சன்டைசர்_அக்கா
ராயபுரம், உங்களுக்கு நடந்தது அநியாயம்தான், அதற்காக அந்த ஜட்ஜும் அப்படித்தான் என்று சொல்லாதீர்கள். நான் திருப்பூரில் பயர்களோடு, அதாவது ஆர்டர் கொடுத்து வாங்குகிறவர்களோடு, பேசுகிற வேலையில் பல வருடமாக இருக்கிறேன். காப்பி அடிக்க நினைக்கிறவர் மேடையில் கேட்டு வாங்க மாட்டார், ஒரு போட்டோ போதும். இங்கே நல்ல பீஸைப் பார்த்தால் கையில் வைத்துக்கொள்ளத் தோன்றும், அது பழக்கம். அதோடு லெஃப்டா ரைட்டா என்று அந்த இடத்தில் கேட்கத் தோன்றியதென்றால் வீட்டில் யாருக்கோ கையில் ஃபிஸ்டுலா இருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது.

நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். கவுன்டர் சாம்பிள் இல்லாமல் எதையும் வெளியே விடாதீர்கள், பயருக்கு ஒன்று போனால் அதே மாதிரி ஒன்று நம் அலமாரியில் இருக்க வேண்டும், நாளைக்கு அவர் "அந்தப் பீஸ் மாதிரியே" என்று ஆர்டர் கொடுத்தால் எதைப் பார்த்துத் தைப்பீர்கள்? பேட்டர்ன் உங்களிடம்தானே இருக்கிறது? அதை பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். துணி சிங்கிள் ஜெர்சி (ஒற்றைப் பின்னல் பனியன் துணி) என்றால் இன்டர்லாக்குக்கு (இரட்டைப் பின்னல்) மாறுங்கள், வெட்டிய ஓரம் சுருளாது, ஜிப் வைக்கிற டெய்லருக்குப் பாதி வேலை மிச்சம். குறைந்த பீஸுக்குப் புதிதாகச் சாயம் போடப் போகாதீர்கள், டையிங்கில் அவ்வளவு சின்ன லாட் எடுக்க யோசிப்பார்கள், மீந்த ரோல் வாங்குங்கள். கோவையில் சிட்ரா என்ற ஜவுளி ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, மருத்துவ ஜவுளிக்கென்றே தனி மையம் வைத்திருக்கிறார்கள், துவைத்தால் சுருங்குமா, சாயம் நிற்குமா என்று டெஸ்ட் ரிப்போர்ட் வாங்கிவிட்டு ஆஸ்பத்திரிப் படியேறுங்கள்.

சுங்குடி_ரசிகை
என்னுடையது வேறு மாதிரி. சின்னாளப்பட்டி சுங்குடியில் இரண்டு பக்கமும் கட்டிக்கொள்ளக்கூடிய ராப் பாவாடை, எம்பிஏ படிக்கும்போது செய்தது. மதுரையில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் பர்ச்சேஸ் பார்க்கிற அண்ணாச்சியிடம் காட்டினேன். வெள்ளைக் கைக்குட்டையை எடுத்தார், தண்ணீர் பாட்டிலைச் சாய்த்து நனைத்தார், அரக்குச் சிவப்பில் அழுத்தித் தேய்த்தார். எனக்கு மூச்சே நின்றது. கைக்குட்டையை விரித்து வெளிச்சத்தில் காட்டினார், ஒரு பொட்டு நிறம் இல்லை. "சாயம் நல்லா இருக்கு பாப்பா. ஆனா எடுக்க மாட்டேன்." ஏன் அண்ணாச்சி என்றேன். "இதை நைட்டி பக்கம் தொங்கவிடவா, பாவாடை பக்கம் தொங்கவிடவா? எந்த செக்‌ஷன் பொண்ணு இதை விப்பா?"

அதற்கு என்னிடம் அப்போதும் பதில் இல்லை, இப்போதும் இல்லை. இன்ஸ்டாவில் விற்கிறேன், ஓடுகிறது, ஆனால் அந்தக் கடை மாடிக்குள் இது எங்கே தொங்கும் என்று போகும்போதெல்லாம் பார்க்கிறேன்.

சட்டம்_படிச்சவன்
யாருமே முக்கியமான விஷயத்தைச் சொல்லவில்லை. 2000ஆம் வருட டிசைன் சட்டப்படி, பதிவுக்கு விண்ணப்பிக்கும் முன்னால் வடிவமைப்பைப் பொதுவில் காட்டிவிட்டால் புதுமை போய்விடும், அப்புறம் பதிவு கிடைக்காது. அரசு அறிவித்த கண்காட்சிகளுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு, அதற்கும் முன்கூட்டியே தகவல் கொடுத்து 6 மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். சாதாரணக் கல்லூரிப் போட்டி இதில் வராது. பதிவு செய்தால் 10 வருடம், மேலே 5 வருடம் நீட்டிக்கலாம். இதெல்லாம் தோற்றத்துக்கு மட்டும். ஜிப் திறப்பது என்பது பயன்பாடு, அதற்கு இது உதவாது, காப்புரிமையும் கஷ்டம், வெளிநாட்டில் இந்த மாதிரிச் சட்டைகள் ஏற்கெனவே விற்கிறார்கள். ராயபுரம், உங்கள் ஹூடியைப் பதிவு செய்யாமல் 50 பீஸுக்கு மேல் போட்டுவிட்டால் காப்பிரைட் என்றும் நிற்க முடியாது, சட்டத்திலேயே அப்படி இருக்கிறது. அதனால் எல்லோரும் முதலில் விண்ணப்பம், அப்புறம் மேடை.

ராயபுரம்_ரோல்
சார், படிக்கிற பையன் ஒரு ஹூடி தைத்துவிட்டு வக்கீலைப் பார்க்கவா போவான்? வேறு நூல் வாங்கக்கூடக் காசில்லாமல்தான் அந்த நிறமே மாறியது.

சட்டம்_படிச்சவன்
வக்கீலே வேண்டாம் தம்பி. தனிநபருக்கு விண்ணப்பக் கட்டணம் 1000 ரூபாய், ஆன்லைனிலேயே போடலாம்.

கரூர்_பெட்ஷீட்
இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். பீளமேடு, ரைட் கைக்கு 42 சைஸ் கிடைக்குமா? அப்பாவுக்கு. வாரம் இரண்டு தடவை போகிறோம், போர்வையை நழுவாமல் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறேன்.

பீளமேடு_நூல்
அக்கா, பேட்டர்ன் இருக்கிறது, ஆறு சைஸுக்கும் கிரேடிங் போட்டு வைத்திருக்கிறேன். இன்டர்லாக் யோசனைக்கு நன்றி, சுருளுகிற ஓரத்தோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். சட்டம் சார், ஜிப்பை விடுங்கள், தோளில் நான் வைத்திருக்கும் மடிப்பின் தோற்றம் என்னுடையது, ஆனால் அதையும்தான் மேடையில் காட்டிவிட்டேனே.

அந்த ஜட்ஜின் நம்பர் கல்லூரியில் இருக்கும். அக்கா சொன்னது சரியென்றால், அவர் வீட்டில் இருப்பவருக்கு எந்தக் கை என்று கேட்க வேண்டும், நான் கொடுத்தது லெஃப்ட் கைக்கானது. திங்கட்கிழமை ஆபீஸில் கேட்டு வாங்குகிறேன்.

கரூர், ரைட் கை 42 தைத்துத் தருகிறேன். ஊசி குத்துவது முன்கையிலா, மேல்கையிலா? ஜிப் ஸ்லைடர் எங்கே நிற்க வேண்டும் என்பது அதைப் பொறுத்தது. தனிச்செய்தியில் சொல்லுங்கள்.