டேங்கர் தண்ணீர்க் கணக்கு ஆப்: ஏஐ எழுதிய கோடில் தேதியும் பைசாவும் தப்பாக வருது

சர்ஜாபூர்_24

வணக்கம். பெங்களூரு சர்ஜாபூர் சாலைப் பக்கம் 24 வீடுள்ள அபார்ட்மென்ட். தினமும் டேங்கர் தண்ணீர் வாங்குறோம். எந்த வண்டி, எத்தனை லிட்டர், எவ்வளவு ரூபாய், வீட்டுக்கு எவ்வளவு பங்குன்னு காட்டுற வெப் ஆப் ஒண்ணை ஏஐ கோடிங் கருவி வைத்துச் செய்திருக்கேன். முன்பக்கத் திரைக்கு ரியாக்ட், பின்னால் தகவலைச் சேமிக்கச் சூப்பாபேஸ் டேட்டாபேஸ். எஸ்கியூஎல் ஓரளவு தெரியும். ஜாவாஸ்கிரிப்ட் படித்தால் புரியும், எழுத வராது.

மாதக் கடைசியில் 24 பங்கையும் கூட்டினால் பில்லைவிடச் சில ரூபாய் கூடுதலாக வருது. விடியற்காலையில் வந்த டேங்கர் முந்தின நாள் தேதியில் ஏறுது. ஒன்றாம் தேதி வந்தது போன மாதக் கணக்குக்குப் போயிடுச்சு. ஒண்ணைச் சரிசெய்யச் சொன்னால் கருவி இன்னொண்ணை உடைக்குது. மற்ற வீடுகளுக்கு லாகின் கொடுக்கும் முன்னால் வேறு என்ன பார்க்கணும்?

அல்சூர்_ஏரிக்கரை

முதலில் பைசா. 2024 மார்ச்சில் மாவட்ட நிர்வாகம் டேங்கருக்கு விலை நிர்ணயித்தபோது 12,000 லிட்டருக்கு 5 கிலோமீட்டருக்குள் 1,000 ரூபாய், 5 முதல் 10 கிலோமீட்டர் வரை 1,200 ரூபாய் என்று வைத்தது. இந்த இரண்டு எண்களையும் ஆப்பில் போட்டுப் பாருங்கள். 1,200ஐ 24ஆல் வகுத்தால் சரியாக 50. கோளாறு வெளியே தெரியாது. 1,000ஐ வகுத்தால் 41.666 என்று நீளும். கோடு அதை 41.67 ஆக்கும். 24 வீட்டுக்கும் கூட்டினால் 1,000.08. ஒரு டேங்கருக்கு 8 பைசா, 30 டேங்கருக்கு 2 ரூபாய் 40 பைசா. சின்னத் தொகைதான், ஆனால் கணக்கு ஒத்துப்போகாத ஆப்பை அபார்ட்மென்ட் கூட்டத்தில் யாரும் நம்ப மாட்டார்கள்.

கருவியிடம் "பைசா வித்தியாசம் வருகிறது, சரிசெய்" என்று மட்டும் சொன்னால் ரவுண்டிங்கை வேறு இடத்துக்கு மாற்றிவைத்து முடித்துவிடும். விதியை நீங்களே சொல்லுங்கள்: டேபிளில் தொகை முழு எண்ணாக, பைசாவில் இருக்க வேண்டும். 1,00,000 பைசாவை 24ஆல் வகுத்தால் ஈவு 4,166, மீதி 16. எல்லோருக்கும் 4,166 பைசா, 16 வீடுகளுக்கு மட்டும் ஒரு பைசா கூடுதல். எந்த வீட்டில் தொடங்குவது என்பது டேங்கருக்கு டேங்கர் சுழல வேண்டும். திரையில் காட்டும்போது மட்டும் 100ஆல் வகுத்து ரூபாயாக்கினால் போதும்.

தேதிக் கோளாறுக்குக் காரணம் யூடிசி, அதாவது உலகப் பொது நேரம். நம் நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால். ஒன்றாம் தேதி காலை 4:40க்கு வந்த டேங்கர் யூடிசியில் முந்தின நாள் இரவு 11:10. நள்ளிரவு முதல் 5:30 வரை வரும் வண்டி எல்லாமே இப்படி ஒரு நாள் பின்னால் போகும். கோடில் டு-ஐஎஸ்ஓ-ஸ்ட்ரிங் (toISOString, நேரத்தை யூடிசியில் எழுத்தாக்கும் கட்டளை) என்று தேடுங்கள். அதன் முதல் 10 எழுத்தை வெட்டித் தேதியாக்கும் வரி இருந்தால் அதுதான் இடம். நேரத்தை யூடிசியிலேயே சேமியுங்கள். நாள்வாரியாக, மாதவாரியாகப் பிரிக்கும் இடத்தில் மட்டும் ஏசியா/கொல்கத்தா மண்டலத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். ஐந்தரை மணி நேரத்தைக் கையால் கூட்டும் கோடு வந்தால் ஏற்காதீர்கள். பிரவுசர் தானும் ஒருமுறை மாற்றும், பிறகு வேறு தேதிகள் தப்பாகும்.

ராகிமுத்தே

ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று உடைகிறது என்கிறீர்களே, கிட் (கோடின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) இல்லாமல் வேலை செய்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு சின்ன மாற்றத்துக்கும் ஒரு கமிட், அதாவது ஒரு பதிவு. அடுத்த வேலைக்கு முன்னால் டிஃப், அதாவது எந்த வரிகள் மாறின என்று பாருங்கள்: தேதியைத் திருத்தச் சொன்னதற்கு லாகின் ஃபைல் மாறியிருந்தால் உடனே திருப்பி எடுத்துவிடுங்கள்.

அல்சூர் சொன்ன இரண்டு கணக்கையும், 4:40 மணி டேங்கரையும் டெஸ்ட்டாக எழுதச் சொல்லுங்கள். முதலில் ஓட்டி, 1,000 ரூபாய்க் கணக்கும் 4:40 டேங்கரும் தோற்பதைப் பாருங்கள், பிறகுதான் திருத்தம். "டெஸ்ட் ஃபைலைத் தொடாதே" என்று கட்டாயம் சொல்லுங்கள், இல்லையென்றால் சில சமயம் டெஸ்ட்டையே தளர்த்திப் பாஸ் ஆக்கிவிடும்.

பைசா விதி, நேர மண்டல விதி, எந்த ஃபோல்டரில் என்ன இருக்கிறது, இதையெல்லாம் ஏஜென்ட்ஸ் டாட் எம்டி (AGENTS.md) ஃபைலில் ஒரு பக்கத்துக்குள் எழுதிவையுங்கள். பல கருவிகள் அதைத் தானே படிக்கும். உங்களுடையது எந்தப் பெயரில் எதிர்பார்க்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். உரையாடல் நீண்டால் ஆரம்பத்தில் சொன்னதன் பிடி தளரும், அதனால் வேலைக்கு ஒரு புது உரையாடல். ஒரே பிழைக்கு மூன்று முறை திருத்தியும் தீரவில்லை என்றால் நான்காவது முறை கேட்காதீர்கள். கடைசியாக ஓடிய கமிட்டுக்குத் திரும்பி, என்ன கொடுத்தால் என்ன வருகிறது, என்ன வர வேண்டும் என்று எண்களோடு எழுதித் தொடங்குங்கள்.

புது என்பிஎம் பேக்கேஜ் (பிறர் எழுதிப் பகிர்ந்த ஆயத்தக் கோடு) எதையாவது சேர்க்கச் சொன்னால் என்பிஎம் தளத்தில் அதன் பக்கத்தைத் திறந்து பாருங்கள். இல்லாத பேக்கேஜ் பெயரைக் கருவி சொல்வதுண்டு; அந்தப் பெயரில் கெட்ட கோடை ஏற்றிவைத்துக் காத்திருப்பவர்களும் உண்டு.

கோரமங்களா_டிபிஏ

லாகின் கொடுக்கும் முன் ஆர்எல்எஸ் (ரோ லெவல் செக்யூரிட்டி, டேபிளின் எந்த வரிசையை யார் பார்க்கலாம் என்ற கட்டுப்பாடு) பாருங்கள். சூப்பாபேஸின் அனான் கீ (ஆப் டேட்டாபேஸை அணுகும் பொதுச் சாவி) பிரவுசரில் தெரிவது இயல்பு. அது வெளியே இருக்கத்தான் செய்யப்பட்டது. காவல் முழுக்க ஒவ்வொரு டேபிளிலும் உள்ள ஆர்எல்எஸ் விதியில்தான். கருவி எஸ்கியூஎல் வழியாக டேபிள் உருவாக்கும்போது அதைப் போடாமல் விட்டிருக்கலாம். திரையில் "மற்ற வீடுகள்" பட்டனை மறைப்பது பாதுகாப்பு ஆகாது. எஃப்12 அழுத்தி நெட்வொர்க் பக்கத்தைப் பாருங்கள். அங்கே 24 வீட்டின் பாக்கியும் வந்திறங்கினால் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். சர்வீஸ் ரோல் கீ (சர்வருக்கான முழு அதிகாரச் சாவி) ஆர்எல்எஸ்ஸைத் தாண்டிப் போகும், முன்பக்கக் கோடில் அது எங்கும் இருக்கக் கூடாது. ஒருமுறை கிட்டில் ஏறியிருந்தால் ஃபைலை அழிப்பது போதாது, பழைய கமிட்டில் இருக்கும். கீயையே மாற்றுங்கள்.

சர்ஜாபூர்_24

பைசாவும் தேதியும் சரியாயிடுச்சு, ரொம்ப நன்றி. ஆர்எல்எஸ் போட்டதும் பட்டியல் காலி, எரர்கூட வரலை. பாலிசியில் (ஆர்எல்எஸ் விதியில்) "ட்ரூ"ன்னு போட்டால் சரியாகும்னு கருவி சொல்லுது. போடலாமா? இன்னொண்ணு, தமிழ் ரசீதுல "பெயர்" என்கிற சொல்லில் கொம்பு "ப"வுக்குப் பின்னால் போய் "ய"வோட ஒட்டிக்குது.

கோரமங்களா_டிபிஏ

போடாதீர்கள். பாலிசி எதுவும் இல்லாதபோது ஆர்எல்எஸ் எல்லாரையும் தடுக்கும், அதனால்தான் காலி. "ட்ரூ" என்றால் எல்லா வரிசையும் எல்லாருக்கும் தெரியும். போட்ட பூட்டைக் கழற்றியது மாதிரி. வீடு டேபிளில் பயனர் ஐடிக்கு ஒரு நெடுவரிசை வைத்து, அதை ஆத் யூஐடியோடு (லாகின் செய்தவரின் ஐடி) ஒப்பிடும் பாலிசி எழுதச் சொல்லுங்கள். எழுதுவதற்கும் திருத்துவதற்கும் வித் செக் நிபந்தனை (எழுதப்படும் வரிசையைச் சோதிப்பது) தனியாக வேண்டும். கமிட்டி உறுப்பினர் யார் என்பதைத் தனி டேபிளில் வையுங்கள். யூசர் மெட்டாடேட்டாவில் (பயனர் கணக்கோடு சேரும் கூடுதல் தகவலில்) வைத்தால் பயனரே மாற்றிக்கொள்ள முடியும். பிறகு இரண்டு வீட்டு லாகினில், ஒன்று சாதாரண ஜன்னலில், ஒன்று இன்காக்னிட்டோவில் திறந்து, ஒருவர் மற்றவர் பாக்கியைப் படிக்கவோ மாற்றவோ முடிகிறதா என்று முயன்று பாருங்கள்.

அல்சூர்_ஏரிக்கரை

ரசீதுக்குக் கருவி ஜேஎஸ்பிடிஎஃப் என்ற பிடிஎஃப் லைப்ரரியைப் பயன்படுத்தியிருக்கிறது போல. யூனிகோடில் "ப" முதலில், கொம்பு அடுத்து என்றுதான் சேமிப்பு. முன்னால் கொண்டுவந்து வரைவது ஃபான்ட் ஷேப்பிங் செய்யும் வேலை. அந்த லைப்ரரி தமிழுக்கு அதைச் செய்வதில்லை. ஃபான்ட்டை மாற்றி மாற்றி நேரத்தை வீணாக்காதீர்கள். ரசீதை எச்டிஎம்எல் பக்கமாக்கி, பிரவுசரின் பிரிண்ட் வழியாகப் பிடிஎஃப் எடுங்கள். சர்வரில் ஹெட்லெஸ் குரோம் (திரையில்லாமல் ஓடும் குரோம்) வைத்து எடுப்பதானால் அங்கே நோட்டோ சான்ஸ் தமிழ் ஃபான்ட் ஏற்றியிருக்க வேண்டும், இல்லையென்றால் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வரும்.