கலைச்சொல்: 'நிதி வரைபடம்' சரிதானா?

பொரளையிலிருந்து:

எல்லோருக்கும் வணக்கம். சிறுவர், குடும்பச் சேவைகளுக்கு ஓர் உள்ளூராட்சி எல்லைக்குள் எவ்வளவு செலவாகிறது, அந்தக் காசு எங்கிருந்து வருகிறது, எந்த வயதுப் பிள்ளைக்குப் போய்ச் சேருகிறது என்று ஒரே இடத்தில் ஒழுங்குபடுத்தும் வேலையை ஆங்கிலத்தில் 'ஃபிஸ்கல் மெப்பிங்' என்கிறார்கள். கொழும்பு மாநகர எல்லைக்கு அப்படியொரு அறிக்கை தயாராகிறது. தமிழ் வரைவில் 'நிதி வரைபடம்' என்று போட்டிருக்கிறோம். வாசிக்கிறவர் முதலில் கேட்கப்போவது "படம் எத்தனையாம் பக்கம்?" என்பதுதான். படமே இல்லை, 200 வரிசைக்கு மேல் நீளும் அட்டவணைதான் இருக்கிறது. வேறு சொல் உண்டா?

கொட்டாஞ்சேனையிலிருந்து:

தம்பி, 'வரைபடம்' இங்கே இரண்டு முறை இடறும். நம்முடைய பாடசாலைப் பிள்ளைக்கு நாட்டைக் காட்டுவது தேசப்படம். கணிதத்தில் வருவது வரைபு. தமிழ்நாட்டுப் பழக்கத்தில் 'வரைபடம்' அந்த இரண்டுக்கும் பொதுவாக ஓடுகிறது. ஆகவே 'நிதி வரைபடம்' என்று கண்டதும் ஒருவர் வட்டாரவாரியாக நிறம் தீட்டிய படத்தை எதிர்பார்ப்பார், மற்றவர் ஏறியிறங்கும் கோட்டை எதிர்பார்ப்பார்.

'பாதீட்டுப் படம்' என்று முதலில் தோன்றியது. பாதீடு அருமையான சொல். வெட்சித் திணையில் கவர்ந்து வந்த ஆநிரையைப் பங்கிட்டுக் கொடுக்கும் துறைக்கு அதுதான் பெயர். யாருக்கு எத்தனை மாடு என்ற கேள்விதான் இந்த அறிக்கையின் கேள்வியும். ஆனால் இன்றைக்குப் பாதீடு என்றால் ஆண்டுக்கு முன்கூட்டியே போடும் வரவு செலவுத் திட்டம். நீங்கள் காட்டுவது திட்டமா, செலவான காசா?

வெள்ளவத்தையிலிருந்து:

இரண்டும். அதனால்தான் பெயரில் 'பாதீடு' வரக்கூடாது. உள்ளூராட்சி மன்றங்களின் நிதியாண்டு ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை. டிசம்பரில் நிறைவேறும் பாதீட்டில் விளையாட்டுத் திடலுக்கு ஒதுக்கிய தொகை, அடுத்த டிசம்பரில் தொடப்படாமல் கிடக்கலாம். இடையில் குறைநிரப்பு மதிப்பீட்டால், அதாவது ஆண்டின் நடுவில் அனுமதிக்கும் மேலதிக ஒதுக்கீட்டால், கூடியிருக்கவும் செய்யலாம். ஒதுக்கீட்டை மட்டும் பார்த்து "பிள்ளைகளுக்கு இவ்வளவு செலவழித்தது" என்று எழுதுவதுதான் இந்த வேலையில் நடக்கும் முதற்பிழை. ஒதுக்கீடு ஒரு நிரல், திருத்திய ஒதுக்கீடு ஒரு நிரல், உண்மைச் செலவு ஒரு நிரல்: மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கவேண்டும். உண்மைச் செலவு வெளியிடப்படாவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 'தலைப்பு இலக்கவாரியான இறுதிக் கணக்கு' என்று குறிப்பாகக் கேளுங்கள். கணக்குப் புத்தகத்தில் ஒவ்வொரு செலவுத் தலைப்புக்கும் கொடுத்திருக்கும் எண்தான் தலைப்பு இலக்கம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். "சிறுவர் செலவு விபரம்" என்று கேட்டால் அப்படியொரு தலைப்பே இல்லை என்று பதில் வரும். அதில் பொய்யும் இல்லை.

அப்படியொரு தலைப்பு இல்லாததால்தான் இந்த வேலையே பிறக்கிறது. கொழும்பில் தாய்–சேய் கிளினிக்குகளை நடத்துவது மாநகர சபையின் பொதுச் சுகாதாரத் திணைக்களம். செலவு சுகாதாரத் தலைப்பில் விழும். நூலகத்தின் சிறுவர் பகுதி நூலகத் தலைப்பில். திடல்களும் பூங்காக்களும் இன்னொன்றில். அந்தக் கிளினிக்கில் ஏற்றும் தடுப்பூசியும் கொடுக்கும் திரிபோஷா என்ற சத்துமாவும் மத்திய சுகாதார அமைச்சின் வழியாகப் பொருளாக வருகின்றன. சபைப் பேரேட்டில் ஒரு சதமும் தெரியாது. பாடசாலை மத்திக்கும் மாகாணத்துக்கும் உரியது. நன்னடத்தை, சிறுவர் பராமரிப்பு மாகாணத்துக்குப் பகிரப்பட்ட விடயம். அஸ்வெசும என்ற நலன்புரிக் கொடுப்பனவு மத்தியிலிருந்து நேரே குடும்பத்தின் வங்கிக் கணக்குக்குப் போகிறது.

இன்னொன்று: மாநகர எல்லைக்கு வெளியே பெரும்பாலான இடங்களில் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை மாகாணச் சுகாதாரத்தின் கீழ் இயங்குகிறது. கொழும்பையும் ஒரு பிரதேச சபையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் கொழும்பு பிள்ளைகளின் சுகாதாரத்துக்கு வாரி இறைப்பதுபோலவும் மற்றது கைவிட்டதுபோலவும் தோன்றும். வேறுபாடு யார் புத்தகத்தில் எழுதுகிறார்கள் என்பதில் மட்டும். ஆகவே 'உள்ளூராட்சிச் செலவு' என்பதற்குச் 'சபை செலவழித்தது' என்று பொருள் கொண்டால் படம் கோணும். 'சபை எல்லைக்குள் செலவானது' என்று எடுத்து, செலவிடும் நிறுவனத்தைத் தனி நிரலில் போடுங்கள்.

செய்கிற வேலை வரைதல் இல்லை, பொருத்துதல். தலைப்பு இலக்கத்தை ஒரு சேவையோடு, சேவையை வயதோடு, வயதைப் பண ஊற்றோடு பொருத்துகிறோம். காசேடு, பேரேடு என்று நமக்குப் பழகிய வழியில் 'பொருத்தேடு' என்றால் என்ன?

தெமட்டகொடையிலிருந்து:

ஐயா, 'பொருத்தேடு' காதுக்குச் சாதகக் குறிப்பு பார்ப்பதுபோல இருக்கிறது. ஆனாலும் பிடித்திருக்கிறது, தரவு வேலை செய்பவருக்கு அதுதான் உண்மை. எதை எதோடு பொருத்துவது என்பதில்தான் பாதி நாள் போகும்.

தமிழ்ப் பாதீட்டுப் புத்தகம் யுனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் தட்டியதாக இருந்தால், விரிதாளில் ஒட்டியதும் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும். முதலில் யுனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றிய பிறகும் 'கொ' என்பதில் ஒற்றைக் குறி ஓரிடத்திலும், எகரக் கொம்பும் காலும் தனித்தனியாக இன்னோரிடத்திலும் இருக்கும். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. என்எஃப்சி என்ற யுனிகோடு ஒழுங்குக்குக் கொண்டுவந்தால் அது சரியாகும். 'பௌ' என்பதைக் கொம்பு போட்டு ளகரம் சேர்த்து 'பெள' என்று தட்டியிருந்தால் மட்டும் எந்த ஒழுங்காக்கலும் காப்பாற்றாது. கையால் தேடி மாற்றவேண்டும். ஆகவே பெயரை வைத்துப் பொருத்தாதீர்கள், தலைப்பு இலக்கத்தை வைத்துப் பொருத்துங்கள். அந்த நிரலை எழுத்து வகையாக வைத்துக்கொண்டு திறக்கவேண்டும். இல்லாவிட்டால் எக்செல் 010 என்பதை 10 ஆக்கிவிடும், வேறொரு தலைப்போடு மோதும். சில புத்தகங்களில் தொகை ரூபாவில், சிலவற்றில் ஆயிரம் ரூபாவில். பக்கத்தின் மேல்மூலையைப் பார்க்காமல் கூட்டுகிறவர் இன்னும் இருக்கிறார்கள்.

நிறம் தீட்டிய படம் கேட்பவர்களுக்கும் ஒரு சொல். மாநகரத்துக்குள் கொழும்பு, திம்பிரிகஸ்யாய என்று இரண்டு பிரதேச செயலாளர் பிரிவுகள். சனத்தொகை கிராம உத்தியோகத்தர் பிரிவுவாரியாகக் கிடைக்கும். சபை உறுப்பினர் நினைப்பது வட்டாரவாரியாக. இரண்டின் எல்லையும் ஒன்றல்ல. முகத்துவாரத்துப் பிள்ளை பக்கத்து வட்டாரத்துக் கிளினிக்குக்குப் போவது சாதாரணம். செலவைக் கட்டடம் நிற்கும் வட்டாரத்தில் போட்டால் கட்டடம் இல்லாத வட்டாரம் பூச்சியமாக நிற்கும், அதைக் கேட்டு ஒரு கூட்டமே குழம்பும்.

கொட்டாஞ்சேனையிலிருந்து:

'பொருத்தேடு' அட்டவணைக்குச் சரி. வேலை முழுவதற்கும் அது பெயராகுமா? நிதிக்குழுவில் மேசைமேல் வைப்பது அட்டவணை இல்லையே. அதிலிருந்து எடுத்த ஒரு பக்கச் சுருக்கம். ஒரு பக்கம் பண ஊற்று, மறுபக்கம் வயது, நடுவில் சேவை. அது படம்தான். தேசப்படம், நிலப்படம் என்ற வரிசையில் 'செலவுப்படம்' என்று வைப்போமா? 'நிதிப்படம்' என்றும் வைக்கலாம்.

'தடமறிதல்' என்று தனிமடலில் ஒருவர் எழுதினார். கூடாது. தடமறிதல் என்றால் திறைசேரியில் புறப்பட்ட ஒரு ரூபா வழியில் எங்கே கசிந்தது என்று கீழ்நோக்கிப் பின்தொடர்வது. அதற்கு வவுச்சர் பார்க்கவேண்டும், கள ஆய்வு செய்யவேண்டும். இது ஓர் ஆண்டில் எல்லா ஊற்றையும் குறுக்காக வெட்டிப் பார்ப்பது. இரண்டுக்கும் ஒரே சொல்லைக் கொடுத்தால் சபை அதிகாரி "களவு பிடிக்க வந்திருக்கிறார்கள்" என்று கோப்பை மூடிவிடுவார்.

பொரளையிலிருந்து:

'செலவுப்படம்' நன்று அக்கா, ஆனால் கோடிக்கணக்கில் கொட்டி எடுத்த சினிமாபோல ஒலிக்கிறதே. பகிர்ந்த செலவுக்கும் ஒரு சொல் வேண்டும். நூலகச் செலவு முழுவதும் பிள்ளைகளுக்கு இல்லை, ஒன்றும் இல்லையென்றும் சொல்லமுடியாது.

வெள்ளவத்தையிலிருந்து:

அதற்குப் 'பகிர்வீதம்'. செலவை முதலில் மூன்றாகப் பிரியுங்கள். முன்பள்ளி, பகல் பராமரிப்பு நிலையம், குழந்தைகள் கிளினிக் ஆகியவை நேரடி, வீதம் 1. நூலகம், திடல், சனசமூக மண்டபம் ஆகியவை பகிர். வீதம் 0க்கும் 1க்கும் இடையில். வீதி விளக்கு, வடிகான், குப்பை பொது, விட்டுவிடுங்கள். பிள்ளையும் வீதியில்தான் நடக்கிறது என்று வாதாடுபவர் வருவார். அப்படிச் சேர்த்தால் சபையின் முழுச் செலவும் சிறுவர் செலவாகிவிடும், எண்ணுக்குப் பொருள் இராது.

பகிர்வீதத்தை எண்ணக்கூடிய ஒன்றிலிருந்து எடுக்கவேண்டும். நூலக உறுப்பினரில் 100க்கு 30 பேர் 18 வயதுக்குக் கீழ் என்றால் வீதம் 0.30. தாய்–சேய் கிளினிக்கில் பணிபுரியும் மருத்துவமாதுக்கு வேறு கடமைகளும் இருந்தால் வாரத்தில் கிளினிக் மணித்தியாலங்கள் எத்தனை என்று பாருங்கள். சனத்தொகையில் சிறுவர் வீதத்தை எல்லாவற்றுக்கும் ஒட்டுவது சோம்பேறி வழி. அதையே பலர் செய்கிறார்கள். கிடைக்காத இடத்தில் அதைப் பயன்படுத்தினால், ஆதார நிரலில் 'சனத்தொகை வீதம்' என்று எழுதிவிடுங்கள். அடுத்த ஆண்டு செய்பவர் திருத்துவார்.

சம்பளத்தைக் கவனியுங்கள். சிறுவர் சேவையில் பெருந்தொகை ஆட்களின் சம்பளம்தான். அது பல புத்தகங்களில் திணைக்களத்துக்கு ஒரே வரியாகக் கிடக்கும். ஆளணிப் பட்டியலை எடுத்துப் பதவிவாரியாக உடைக்காமல் விட்டால், கிளினிக் மருந்துக்கும் தும்புத்தடிக்கும் மட்டும் கணக்குக் காட்டியதாக முடியும்.

இரட்டை எண்ணுகை: பல மன்றங்களுக்கு நிரந்தர ஊழியரின் சம்பளத்துக்கான மானியம் மாகாணத்தினூடாக வருகிறது. மாகாணப் புத்தகத்தில் 12 இலட்சம் மாற்றல், சபைப் புத்தகத்தில் அதே 12 இலட்சம் சம்பளம். கூட்டினால் 24. பிள்ளைக்குப் போனது 12. விதி ஒன்றே: கடைசியாகக் கையிலிருந்து விட்டவரிடத்தில் மட்டும் எண்ணு, கொடுத்தவர் பெயர் ஊற்று நிரலில். மீண்டெழும் செலவையும் மூலதனச் செலவையும் ஒரே தொகையாக்காதீர்கள். ஒரு பகல் பராமரிப்பு நிலையம் கட்டிய ஆண்டில் எண் எகிறும், மறு ஆண்டில் விழும். பத்திரிகையில் 'சிறுவர் செலவு வெட்டு' என்று வரும்.

தெமட்டகொடையிலிருந்து:

பன்னாட்டு ஒப்பீடு வேண்டுமானால் ஐ.நா. செலவினத் தொழிற்பாட்டு வகைப்பாட்டின் எண்ணையும் ஒரு நிரலாகச் சேர்த்துவிடுங்கள். குடும்பமும் சிறுவரும் 10.4, பொதுச் சுகாதாரச் சேவை 07.4, முன்பள்ளி 09.1க்குள், பொழுதுபோக்கும் விளையாட்டும் 08.1. 10.4ஐ மட்டும் எடுத்து அதுவே சிறுவர் செலவு என்று சொல்பவரை நம்பவேண்டாம். அங்கே கிளினிக்கும் இல்லை, முன்பள்ளியும் இல்லை.

'சிறுவர்' என்பதை மாற்றாதீர்கள். தமிழ்நாட்டு வாசகருக்கு அது பத்து வயதுப் பையன்கள். இங்கே சட்டத்திலும் திணைக்களப் பெயரிலும் 18 வயதுக்குட்பட்ட எல்லோரும். கர்ப்பிணித் தாய்க்கான சேவையை 'குடும்பம்' என்ற வயதற்ற வரிசையில் போடலாம்.

கொட்டாஞ்சேனையிலிருந்து:

அப்படியானால் கலைச்சொற் பட்டியலில் இப்படிப் பதிகிறேன்.

செலவுப்படம்: ஓர் உள்ளூராட்சி எல்லைக்குள் குறித்த மக்கட்பிரிவுக்கான சேவைகளுக்கு ஓராண்டில் செலவாகும் பணத்தை, ஊற்று, செலவிடும் நிறுவனம், சேவை, வயது என்பனவாகப் பிரித்துக் காட்டும் சுருக்கம். வினை: செலவுப்படமிடல்.

பொருத்தேடு: செலவுப்படத்துக்கு அடிப்படையான விரிவான அட்டவணை. தலைப்பு இலக்கம் ஒன்றுக்குக் குறைந்தது ஒரு வரிசை.

பகிர்வீதம்: பலரும் பகிர்ந்து பயன்படுத்தும் சேவை ஒன்றின் செலவில் அந்த மக்கட்பிரிவுக்கு உரியதாக எடுக்கும் பங்கு, 0 முதல் 1 வரை.

பண ஊற்று: 'பணமூலம்' என்று எழுதவேண்டாம். வாசிப்பவர் வைத்தியரிடம் போய்விடுவார்.

வெள்ளவத்தையிலிருந்து:

சம்மதம். ஒன்று மட்டும்: 'தலைப்பு இலக்கம் ஒன்றுக்குக் குறைந்தது ஒரு வரிசை' என்றால் பொருளாக வரும் திரிபோஷாவுக்கும் தடுப்பூசிக்கும் இடமில்லாமல் போகும், அவற்றுக்குச் சபையில் இலக்கமே கிடையாது. 'தலைப்பு இலக்கம் அல்லது பொருளுதவி ஒன்றுக்கு' என்று திருத்துங்கள். பொருளின் பெறுமதி கிடைக்காவிட்டால் தொகையை வெறுமையாக விடுங்கள், பூச்சியம் போடவேண்டாம்.

பொரளையிலிருந்து:

திருத்தியாயிற்று. அறிக்கைத் தலைப்பில் 'செலவுப்படம்', இணைப்பில் 'பொருத்தேடு'. சினிமாபோல ஒலிக்கிறது என்ற என் ஆட்சேபத்தையும் பட்டியலில் குறித்து வையுங்கள்.