கிராமப் பக்கம் கம்பெனிய கூப்பிடுறதுக்கு செலவு பண்றது சரியா? (விவாதம்)

திசைகாட்டி:
ரொம்ப நாளா மனசுல இருக்குறத கேக்குறேன். கிராமப்புறங்கள் தொழில்ல பின்தங்கி நிக்குறதுக்கு வளம் இல்லாதது காரணம்னு நான் நம்பல, இருக்குறத யாரும் வெளிய போய் சொல்றதில்ல, அதுதான் காரணம். ஒரு கம்பெனி புது யூனிட் போட இடம் பாக்கும்போது அவங்க மேசைக்குப் போற லிஸ்ட்ல பெரிய நகரமும் அத ஒட்டுன தொழிற்பேட்டையும்தான் இருக்கும். நிலம் சல்லிசு, கூலி கம்மி, ஆளுங்க அடிக்கடி வேலை மாற மாட்டாங்க, இத எடுத்துச் சொல்ல ஒரு ஆள் வேணாமா? நல்ல வெப்சைட், ஒரு வீடியோ, வருஷத்துக்கு ஒரு முதலீட்டாளர் கூட்டம், முதல் சில வருஷம் வரிச்சலுகை. இத ஒழுங்கா செஞ்சா வருவாங்கன்றது என் கட்சி.

உதாரணம் சொல்லணும்னா அயர்லாந்துல ஷானன். ஒரு காலத்துல அட்லாண்டிக் தாண்டுற விமானம் நெறைய அங்க இறங்கி எரிபொருள் போட்டுட்டுத்தான் போகும். ஜெட் வந்ததும் அந்தத் தேவை கொறைய ஆரம்பிச்சிடுச்சு. ஏர்போர்ட்டும் அத நம்பி இருந்த கிராமங்களும் என்ன ஆகும்னு கவலப்பட்ட நேரத்துல பிரெண்டன் ஓ'ரீகன்னு ஒருத்தர் முன்னின்னு 1959ல ஏர்போர்ட் பக்கத்துலயே வரிச்சலுகை தொழில் மண்டலம் கொண்டு வந்தாங்க. மேற்கு அயர்லாந்துல இருந்து இளவட்டம் எல்லாம் பொழப்பு தேடி கப்பலேறிட்டு இருந்த காலம் அது. இன்னைக்கும் அந்த மண்டலம் ஓடுது. கூப்பிட்டாங்க, வந்தாங்க.

கணக்குப்புலி:
ஷானன்ல ஏற்கனவே சர்வதேச ஏர்போர்ட் இருந்துச்சு ப்ரோ. எத்தன கிராமத்துக்கு அது இருக்கு?

சலுகைய காட்டி கூப்பிட்டா என்ன ஆகும்னு பாக்கணும்னா அமெரிக்காவுல விஸ்கான்சின் மாநிலம் மவுண்ட் பிளசன்ட் கதைய எடுத்துப் பாருங்க. 2017ல தைவான் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி ஃபாக்ஸ்கான் வருது, 1000 கோடி டாலர் முதலீடு, 13,000 பேருக்கு வேலைன்னு அறிவிச்சாங்க, மாநில அரசு கிட்டத்தட்ட 300 கோடி டாலர் சலுகை தர்றதா ஒத்துக்கிச்சு. அரசாங்கப் பேரே 'மவுண்ட் பிளசன்ட் கிராமம்'னுதான் இருக்கு அந்த ஊருக்கு, அது கடன் வாங்கி நிலம் வாங்கிச்சு, ரோடு போட்டுச்சு, குடிதண்ணி லைன் இழுத்துச்சு, தலைமுறையா இருந்தவங்க வீட்ட காலி பண்ணிட்டுப் போனாங்க. 2021ல ஒப்பந்தத்த திருத்தி எழுதுனப்போ வேலை 1,454, சலுகை 8 கோடி டாலர். 13,000 எங்க 1,454 எங்க.

இன்னொன்னு, டிமோத்தி பார்டிக்னு இந்த சலுகைகளயே பல வருஷமா ஆராயுற பொருளாதார நிபுணர் 2018ல ஏற்கனவே வந்த ஆய்வுகள எல்லாம் திரட்டிப் பாத்து சொன்னது, சலுகையால முடிவு மாறுன கம்பெனிங்க 100ல 2ல இருந்து 25க்குள்ளதான் இருக்கும்னு. மீதிப் பேர் எதுவும் தராட்டியும் அங்கதான் வந்திருப்பாங்க. அந்தக் காசு பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கலாம், ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம்.

திசைகாட்டி:
அண்ணே ஃபாக்ஸ்கான சொல்றவங்க டொயோட்டாவ ஏன் விட்டுடுறீங்க? அமெரிக்காவுலயே கென்டக்கி மாநிலத்துல ஜார்ஜ்டவுன், குதிரைப் பண்ணையும் புகையிலைத் தோட்டமும் சூழ்ந்த ஊரு. 1985 கடைசில அறிவிப்பு, 1988ல கார் வெளிய வந்துச்சு, இன்னைக்கு வரைக்கும் ஓடுது, டொயோட்டாவோட உலகத்துலயே பெரிய பிளான்ட்டுகள்ல ஒண்ணு. அங்கயும் மாநில அரசு சலுகை குடுத்துச்சு. அத சுத்தி உதிரிபாக கம்பெனிங்க எத்தனையோ வந்துச்சு. ஒரு கெட்ட உதாரணத்த வெச்சு கதவ சாத்திட்டா நல்லதும் வராது. தவிர மாநிலம் ஃபாக்ஸ்கானுக்கு சலுகைய வேலை குடுத்தா மட்டும்னுதான் எழுதியிருந்துச்சு, அதனாலதான் பெரும்பகுதி பணம் கைய விட்டுப் போகல. இதையும் சேத்து சொல்லுங்க.

கணக்குப்புலி:
சேத்தே சொல்றேன். மாநிலம் தப்பிச்சிடுச்சு, கடன் வாங்குன ஊர்தான் மாட்டிக்கிச்சு. நான் சொல்ல வந்ததே அதுதான். சின்ன நிர்வாகம் முன்கூட்டியே செலவு பண்ணும், கம்பெனிக்காரன் பின்னாடி நிதானமா முடிவு பண்ணுவான்.

ஜார்ஜ்டவுன், மாநிலங்கள இணைக்குற 75ம் நம்பர் இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலை மேல இருக்கு. அதையும் சொல்லணும்ல.

மின்கம்பி:
ரெண்டு பேருக்கும் ஒரு வார்த்தை. நான் பதினோரு வருஷமா இந்த இடம் பாக்குற டீம்ல வேலை பாத்தவன். உணவு பதப்படுத்துற கம்பெனி ஒண்ணு, பேர் வேணாம். நாங்க எப்படி முடிவு எடுப்போம்னு சொன்னா இந்த சண்டைல பாதி தீரும்னு நெனைக்கிறேன்.

முதல்ல, நாங்க இடத்த தேர்ந்தெடுக்குறதே இல்ல, கழிச்சுக் கட்டுறோம். முப்பது நாப்பது இடத்துல ஆரம்பிப்போம், ஒரு கேள்விக்கு பதில் இல்லன்னா அந்த இடம் போச்சு. ஃபோன் போட்டுக் கேக்கக் கூட மாட்டோம், ஏன்னா அடுத்த இடம் இருக்கு. வீடியோல பச்சை வயலும் சூரிய உதயமும் பாத்து யாரும் இடம் முடிவு பண்ணி நான் பாத்ததில்ல.

ஒரு தடவ ஒரே வாரத்துல ரெண்டு இடம் போனோம். முதல் இடத்துல பெரிய ஹால், வழுவழுன்னு நூறு பக்கத்துக்கு புத்தகம், நாலு பேர் பேசுனாங்க, நல்லாவே பேசுனாங்க. நான் ஒண்ணுதான் கேட்டேன், பக்கத்து சப்ஸ்டேஷன்ல இன்னும் எவ்வளவு லோடு தாங்கும், போன வருஷம் மொத்தம் எத்தன மணி நேரம் கரண்ட் போச்சுன்னு. ஒருத்தர் முகத்த ஒருத்தர் பாத்தாங்க. கேட்டு அனுப்புறோம்னாங்க, அனுப்பல.

ரெண்டாவது இடத்துல ஒரே ஒரு அம்மா வந்தாங்க, கையில ஓரம் மடங்குன ஒரு காக்கி ஃபைல். உள்ள சப்ஸ்டேஷன் லோடு, மாசவாரியா கரண்ட் போன நேரம், மூணு போர்வெல்லோட தண்ணி டெஸ்ட் ரிப்போர்ட், மண்ணு எவ்வளவு எடை தாங்கும், நிலத்துல யார் யாருக்கு எவ்வளவு பங்கு, வில்லங்கம் இருக்கா இல்லையா, மழைக்காலத்துல எந்தப் பாலத்துல தண்ணி ஏறும்னு கூட எழுதி வெச்சிருந்தாங்க. அந்தப் பாலத்த அவங்களே சொன்னாங்க, நாங்க கேக்கவே இல்ல. லாரி அந்த ரெண்டு வாரம் சுத்திப் போகணும், பதினெட்டு கிலோமீட்டர் கூடன்னு சொன்னாங்க. குறைய மறைக்காம சொல்ற இடம்னா மத்த நம்பரையும் நம்பலாம்னு எங்க மேனேஜர் அங்கயே முடிவு பண்ணிட்டார். யூனிட் அங்கதான் வந்துச்சு.

வரிச்சலுகை? கடைசில ரெண்டு இடம் சமமா நின்னா அப்ப அது பேசும். அதுக்கு முன்னாடி அது பேச்சுலயே வராது.

நெல்லிமரம்:
அந்த அம்மா செஞ்ச வேலைக்கு என் வணக்கம். ஆனா நீங்க மூணு பேரும் ஒண்ண மட்டும் கேள்வி கேக்காம ஒத்துக்கிறீங்க, வேலைன்னா அது வெளிய இருந்துதான் வரணும்னு. ஏன்?

ஜப்பான்ல ஓயிட்டா பகுதில ஓயாமான்னு ஒரு மலை ஊரு. நெல்லுக்கு லாயக்கில்லாத சரிவு நிலம். அரசாங்கம் நெல்லு போடச் சொன்ன காலத்துல 1961ல அவங்க பிளம் மரமும் செஸ்ட்நட் மரமும் நடலாம், நட்டு ஹவாய்க்கு டூர் போகலாம்னு கோஷம் வெச்சாங்க. காயா விக்காம ஊறுகா போட்டு, பதப்படுத்தி, தன் பேர்ல வித்தாங்க. சொன்ன மாதிரி ஹவாய்க்கும் போனாங்க. அதப் பாத்துதான் ஓயிட்டா கவர்னர் ஹிரமட்சு 1979ல ஒரு கிராமம் ஒரு பொருள்னு இயக்கம் தொடங்குனார், தாய்லாந்து அத 2001ல எடுத்துக்கிச்சு. எந்தக் கம்பெனியையும் கெஞ்சல.

ஜப்பான்லயே கமிகாட்சுன்னு இன்னொரு ஊர். 1981ல கடுங்குளிர் அடிச்சு ஆரஞ்சு மரம் எல்லாம் பட்டுப் போச்சு. 1986ல இருந்து வயசான பாட்டிங்க மேப்பிள் இலை மாதிரி அழகான இலைகள பறிச்சு உணவகங்களுக்கு தட்டு அலங்காரத்துக்கு விக்கிறாங்க, அன்னைக்கு எந்த இலைக்கு டிமாண்டுன்னு டேப்லட்ல பாத்துட்டு தோட்டத்துக்குப் போறாங்க. கூலி கம்மின்னு யாரையும் கூவிக் கூப்பிடல அவங்க.

திசைகாட்டி:
அக்கா மரியாதையோடதான் சொல்றேன், கமிகாட்சுல இன்னைக்கு 1,500 பேருக்கும் கீழதான் இருக்காங்க, இன்னும் கொறஞ்சுக்கிட்டுதான் இருக்கு. பாட்டிங்களுக்கு கைல காசும் தெம்பும் வந்துச்சு, அது பெரிய விஷயம், நான் மறுக்கல. ஆனா இருபது வயசு பையன், பாலிடெக்னிக் முடிச்சவன், அவனுக்கு இலை பறிக்கிறதுல எதிர்காலம் இருக்கா? என் கூடப் படிச்சவங்க பத்துல எட்டு பேர் சொந்த எடத்துல இல்ல. அவங்கள திரும்பக் கூட்டிட்டு வர்ற அளவுக்கு சம்பளம் வேணும்னா பெருசா ஒண்ணு வந்துதான் ஆகணும். இத நான் வெறும் வாதத்துக்கு சொல்லல.

நெல்லிமரம்:
உங்க வலி புரியுது தம்பி. அதுக்குதான் அடுத்த உதாரணம். ஸ்பெயின்ல பாஸ்க் நாட்டுல மொன்ட்ராகன். உள்நாட்டுப் போர் முடிஞ்சு நொந்து கெடந்த சின்ன ஊரு. 1941ல அரிஸ்மெண்டியாரியெட்டான்னு ஒரு இளம் பாதிரியார் வந்தார். அவர் முதல்ல கம்பெனி தேடல, 1943ல ஒரு தொழிற்பயிற்சிப் பள்ளி ஆரம்பிச்சார். அதுல படிச்ச அஞ்சு பேர் 1956ல அடுப்பு செய்யுற பட்டறை தொடங்குனாங்க, தொழிலாளியே முதலாளி. இன்னைக்கு பல பத்தாயிரம் பேர் வேலை பாக்குற கூட்டுறவுக் குழுமம். பள்ளிக்கும் பட்டறைக்கும் நடுவுல 13 வருஷம். யாரும் அந்த 13 வருஷத்துக்கு காத்திருக்கத் தயாரா இல்ல, ரிப்பன் வெட்ட அடுத்த எலக்‌ஷனுக்குள்ள ஒண்ணு வேணும்.

கணக்குப்புலி:
அக்கா சொன்னதுக்கு எதிர்ப்பக்கம் அமெரிக்காவுல மிசிசிப்பி மாநிலம். 1936ல கவர்னர் ஹியூ வைட் ஒரு திட்டம் கொண்டு வந்தார், ஊராட்சிங்களே கடன் பத்திரம் போட்டு தொழிற்சாலை கட்டி கம்பெனிக்கு குடுக்கலாம்னு. அமெரிக்காவுல இந்த மாதிரி மாநிலத் திட்டத்துக்கு அதுதான் முன்னோடி. துணி தைக்கிற மில்லுங்க நெறைய வந்துச்சு, ஏன்னா கூலி கம்மி. பிற்காலத்துல அந்த மாதிரி மில்லுங்க வெளிநாட்டுக்குப் போச்சு, ஏன்னா அங்க கூலி இன்னும் கம்மி. நிலம் சல்லிசு கூலி கம்மின்னு முதல் பதிவுல போட்டீங்கள்ல, அந்த வரிய தயவுசெஞ்சு எடுத்துடுங்க. அதுக்காக வர்றவன் அதுக்காகவே போவான்.

திசைகாட்டி:
சரி, அந்த வரி தப்புதான். கூலி கம்மின்னு நம்ம ஆளுங்களயே நம்ம வாயால மட்டமா விக்கக் கூடாது.

புதுமுகம்87:
நடுவுல வரேன். டேட்டா சென்டர் (கம்ப்யூட்டர் சர்வர்கள அடுக்கி வெச்சிருக்குற பெரிய கட்டடம்) கூப்பிட்டா என்ன? இப்போ எல்லாரும் அதுக்குதானே நிலம் தேடுறாங்க.

மின்கம்பி:
கட்டும்போது நெறைய பேருக்கு வேலை, கட்டி முடிச்சதும் சில பத்துப் பேர், பெருசா இருந்தா சில நூறு. வரி வரும், ஒழுங்கா பேசி வாங்குனா. சூடாகுற சர்வர்கள குளிர வைக்க தண்ணி நெறைய இழுக்கும், அதனால தண்ணியையும் கரண்ட்டையும் முன்னாடியே கணக்கு போடணும்.

நெல்லிமரம்:
தண்ணின்னதும் அமெரிக்காவுல ஒரிகன் மாநிலத்துல தி டாலஸ்ங்குற ஊர் ஞாபகம் வருது. கூகுளோட டேட்டா சென்டர் 2006ல இருந்து அங்க இருக்கு. எவ்வளவு தண்ணி எடுக்குதுன்னு ஒரு பத்திரிகை கேட்டப்போ அது வணிக ரகசியம்னு நகர நிர்வாகமே கோர்ட்டுக்குப் போச்சு. 2022 கடைசில வழக்க விட்டுட்டு கணக்க வெளியிட்டாங்க, 2021ல ஊரோட மொத்த தண்ணில கால்வாசிக்கும் மேல அந்த ஒரே இடத்துக்குப் போயிருக்கு. அந்த ஊர்ல அப்பவே வறட்சி பயம். தன் குழாய்ல வர்ற தண்ணி எங்க போகுதுன்னு தெரிஞ்சுக்க ஜனங்க பத்திரிகை, கோர்ட்டுன்னு போக வேண்டியிருக்கு. கம்பெனிய கூப்பிடுறதுல எனக்கு மனசு ஆறாத எடம் இதுதான்.

திசைகாட்டி:
ராத்திரி முழுக்க யோசிச்சேன். வீடியோ வேணாம். அந்தக் காசுல ஒரு ஆள முழுநேரமா போட்டு மின்கம்பி அண்ணன் சொன்ன ஃபைல தயார் பண்ணணும், கரண்ட், தண்ணி, நில ஆவணம், ரோடு, பயிற்சி முடிச்ச ஆளுங்க எத்தன பேர் எந்த வேலைல, எல்லாம் மூணு மாசத்துக்கு ஒருக்கா புதுப்பிக்கணும். ஏற்கனவே இருக்குற சின்ன பட்டறைங்களுக்கும் அதே ஆள் ஆர்டர் தேடிக் குடுக்கணும். பெரிய கூட்டம் வேணாம், அந்தப் பகுதில விளையுறது எந்தத் தொழிலுக்கு மூலப்பொருளோ அந்தத் தொழில்ல இருக்குற பத்துப் பதினஞ்சு கம்பெனிக்கு மட்டும் நேரா எழுதலாம். சலுகை குடுத்தா வேலை குடுத்த பிறகுதான், குடுக்கலன்னா திருப்பி வாங்குற ஷரத்தோட.

கணக்குப்புலி:
கடைசி வரிய தவிர எல்லாத்துக்கும் என் ஆதரவு உண்டு. சலுகையே வேணாம்னுதான் இன்னமும் சொல்லுவேன். ஒரு ஊர் குடுத்தா பக்கத்து ஊர் அதுக்கு மேல குடுக்கும், ரெண்டு ஊரும் சேந்து இளைக்கும்.

நெல்லிமரம்:
ஒண்ணு விட்டுப்போச்சு. கம்பெனி எவ்வளவு தண்ணி எடுக்கும், எவ்வளவு நிலம் கேக்குதுன்னு கையெழுத்துக்கு முன்னாடி ஊர்க்காரங்களுக்கு சொல்லணும். அந்த ஃபைல் கம்பெனிக்கு மட்டும்னா எனக்கு ஒப்புதல் இல்ல.

மின்கம்பி:
அக்கா, அங்கதான் சிக்கல். பேர் வெளிய வந்தா மறுநாளே நிலம் விலை ஏறிடும், இடைத்தரகர் வந்து உக்காந்துடுவார். நாங்க ரகசிய ஒப்பந்தம் கேக்குறதே அதுக்குதான். நியாயம்னு சொல்லல, நடக்குறத சொல்றேன்.

நெல்லிமரம்:
பேர சொல்ல வேணாம். நாள் ஒண்ணுக்கு இத்தன லிட்டர், இத்தன ஏக்கர், இந்த மாதிரி கழிவு, இந்த மூணையும் பேர் போடாம பஞ்சாயத்து பலகைல ஒட்டலாமே? கம்பெனி யாருன்னு தெரியாமலே தண்ணி போதுமா போதாதான்னு கெணத்துக்காரங்க சொல்லிடுவாங்க.

மின்கம்பி:
இப்படி நான் யோசிச்சதில்ல. ஏக்கர போட்டா எந்த எடம்னு கண்டுபிடிச்சிடுவாங்க, ஆனா தண்ணியும் கழிவும் போடுறதுல எனக்குத் தெரிஞ்சு ஒரு தடையும் இல்ல. எங்க பழைய மேனேஜர்கிட்ட கேட்டுட்டு வந்து எழுதுறேன்.