தோட்டத்துப் பிள்ளைக்குப் பொறியியல் படிக்க என்ன உதவி இருக்கு?

கேள்வி: ஹட்டன் பக்கத்துப் பிள்ளை ஒன்றுக்கு யாழ். பல்கலைக்கழகப் பொறியியல் பீடம் கிடைத்திருக்கிறது, ஆனால் பீடம் இருப்பது கிளிநொச்சி அறிவியல்நகரில். தாய் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர். பல்கலைக்கழக மாணவருக்கான மகாபொல உதவித்தொகையை விட வேறென்ன இருக்கிறது?

பதில் 1: மகாபொல கிடைக்காவிட்டால் பேர்சரி என்ற உதவித்தொகை, இரண்டும் சேர்த்துத் தரமாட்டார்கள். வருமானச் சான்றிதழைக் கிராம சேவகரிடம் இப்போதே எடுத்து வையுங்கோ.

பதில் 2: அண்ணை சொன்னது சரி, ஆனால் தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கென்றே இந்தியத் தூதரகம் நடத்தும் கல்வி நிதியம் ஒன்று 1940களிலிருந்து இருக்கிறது, உயர்தரத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் அதிலிருந்து கொடுக்கிறார்கள், இங்கே யாழ்ப்பாணத்தில் பலருக்கு அது தெரியவே தெரியாது. கண்டியிலுள்ள இந்திய உதவித் தூதரகத்தில் கேட்கச் சொல்லுங்கள்.

கேட்டவர்: நல்லது, தாயின் சம்பளச் சிட்டையும் எடுத்து வைக்கச் சொல்கிறேன்.