வேர்க்கால்வாய் சிகிச்சைக்குப் பின்னும் தங்கும் பாக்டீரியா: மீள்தொற்றா, எஞ்சுதொற்றா?

நண்பர்களுக்கு வணக்கம்.

வேர்க்கால்வாய் சிகிச்சை (ரூட் கேனால்) செய்த பல்லில் மறுபடி நோய் காணும்போது, அதற்குக் காரணமான தொற்றைக் குறிக்க ‘மீள்தொற்று’ என்ற ஒரே சொல் போதும் என்று நம் கலைச்சொல் அகராதிக்கான இந்த விவாதத்தில் நண்பர் ஒருவர் முன்மொழிந்திருக்கிறார். சொல் சுருக்கமானது, ஒலிப்பதற்கும் எளியது. ஆனாலும் நாள்தோறும் இந்தப் பற்களைத் திறந்து பார்ப்பவன் என்ற முறையில் அதை என்னால் ஏற்க முடியவில்லை. மீள்வது என்றால் போனது திரும்பி வருவது. இங்கே பெரும்பாலும் அது போகவே இல்லை.

இதை நான் வெறும் சொல்லாராய்ச்சியாகச் சொல்லவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் சிகிச்சை செய்துகொண்ட மேல்தாடை முதற்கடைவாய்ப் பல்லில் வீக்கத்தோடு ஓர் அம்மையார் என்னிடம் வந்தார். எக்ஸ்-ரே படத்தில் வேர்நுனியைச் சுற்றி, எலும்பு கரைந்த இடம் பட்டாணி அளவுக்குக் கறுப்பாகத் தெரிந்தது. “மீண்டும் தொற்று வந்திருக்கிறது” என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. “ரெண்டு வேளையும் பல் விளக்குறேனே டாக்டர், நான் எங்கே தப்புப் பண்ணினேன்?” என்று கேட்டார். பல்லைத் திறந்து கால்வாயை அடைத்திருந்த ரப்பர் போன்ற பழைய கட்டா பெர்ச்சா நிரப்பலை எடுத்துவிட்டு, நுண்ணோக்கியின் வழியே பல்லின் உள்ளறைத் தளத்தைத் துழாவியபோது, கன்னப்பக்க முன்வேரில் இரண்டாவது கால்வாய் ஒன்று இருந்தது. ஊசிமுனை நுழையும் அளவே இருந்த அந்த வாயை முன்பு யாரும் தொட்டிருக்கவில்லை. உள்ளே அழுகிய பற்கூழ் (பல்லின் உள்ளிருக்கும் மென்திசு) அப்படியே கிடந்தது. பல்லின்மேல் உறையாகப் போட்டிருந்த கிரீடத்திலோ கசிவு எதுவும் இல்லை. அந்த அம்மையார் எதையும் திரும்பக் கொண்டுவரவில்லை. என் வாயிலிருந்து வந்த ‘மீண்டும்’ என்ற ஒரு சொல் பழியை அவர்மேல் வைத்துவிட்டது. அன்றிலிருந்து இந்தச் சொல்லைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பாக்டீரியாதான் நோயின் வேர் என்பதில் ஐயமில்லை. 1965-இல் காக்கேஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்டு ஆகியோர் எலிகளின் பற்களில் துளையிட்டுப் பற்கூழை வாய்க்குத் திறந்துவிட்டுப் பார்த்தார்கள். இயல்பான எலிகளில் கூழ் அழுகி வேர்நுனியில் சீழ் கட்டியது. கிருமியே இல்லாத சூழலில் வளர்த்த எலிகளிலோ, அதே துளை வழியே உணவுத் துணுக்குகள் புகுந்தபோதும் கூழ் உயிரோடிருந்து, காயத்தின்மேல் புதிய டென்டினால் (பல்லின் எனாமலுக்கு அடியிலுள்ள கடினப் பகுதி) பாலம் கட்டிக்கொண்டது. ஆகவே ‘சிகிச்சை பலிக்கவில்லை’ என்று நாம் சொல்லும்போது, பெரும்பாலான பற்களில் அதன் பொருள், பாக்டீரியா உள்ளே உயிரோடிருக்கிறது என்பதுதான்.

அது எப்போது உள்ளே வந்தது என்பதே நம் சொல்லாக்கத்துக்குரிய கேள்வி. 1997-இல் ஷோகிரனும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேரடியான விடை தருகிறது. வேர்நுனியில் நோயிருந்த 55 பற்களைத் துப்புரவு செய்து, கால்வாயை நிரப்புவதற்குச் சற்று முன் மாதிரி எடுத்துச் சோதித்து, பிறகு ஐந்து ஆண்டுகள் வரை தொடர்ந்து கவனித்தார்கள். நிரப்பும்போது பாக்டீரியா அகப்படாத பற்களில் 94 விழுக்காடு குணமாயின. அகப்பட்டவற்றில் 68 விழுக்காடே குணமாயின. அதாவது, பின்னாளில் வீங்கப்போகும் பல்லின் கதை பெரும்பாலும் மூடும் வேளையிலேயே எழுதப்பட்டுவிடுகிறது. உள்ளே வைத்து மூடப்பட்ட ஒன்றை ‘மீண்டது’ என்று எப்படிச் சொல்வது?

அது எப்படித் தப்பித் தங்குகிறது என்பதையும் பார்க்க வேண்டும், ஏனெனில் சொல்லின் வேர் அங்கேதான் கிடைக்கிறது. கால்வாய் என்றதும் நேரான குழாய் ஒன்று நினைவுக்கு வருகிறது. உண்மையில் அது கிளைகளும், இரு கால்வாய்களை இணைக்கும் குறுகிய இடுக்குகளும் கொண்ட அமைப்பு. கால்வாய்ச் சுவரின் கணிசமான பகுதியை, மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாக, துப்புரவு செய்யும் எந்த அரமும் தொடுவதில்லை என்பதை நுண் சிடி ஆய்வுகள் காட்டியுள்ளன. அந்தச் சுவரிலிருந்து டென்டினுக்குள் ஆயிரக்கணக்கான நுண்குழல்கள் செல்கின்றன. அவற்றின் விட்டம் சுமார் 1 முதல் 2.5 மைக்ரோமீட்டர். ஏறத்தாழ ஒரு மைக்ரோமீட்டர் அளவுள்ள என்டிரோகாக்கஸ் ஃபீகாலிஸ் என்ற பாக்டீரியா அவற்றுக்குள் வரிசையாக நுழைந்து, அங்குள்ள கொலாஜனைப் பற்றிக்கொள்கிறது. கிருமியைக் கொல்ல நாம் உள்ளே வைக்கும் கால்சியம் ஹைட்ராக்சைடின் கடும் காரத்தன்மையை, செல்லுக்குள் புரோட்டான்களை இறைத்துக்கொண்டு அது ஓரளவு வரை தாங்கிவிடும்; மாதக்கணக்கில் உணவில்லாமலும் கிடக்கும். வேர்நுனிக்கருகே கூட்டமாக ஒட்டிக்கொண்டு உயிர்ப்படலம் (பயோஃபிலிம்) அமைத்துக்கொண்டால் கழுவும் மருந்து அதன் அடிவரை எட்டுவது அரிது.

இந்த பாக்டீரியாவின் பெயராலேயே ‘ஃபீகாலிஸ் தொற்று’ என்று அழைக்கலாம் என்ற கருத்தையும் வாசித்தேன். அது வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம். நிரப்பிய பற்களில் அது அடிக்கடி அகப்படுவது உண்மைதான். ஆனால் மரபணுச் சோதனைகள் வந்த பிறகு, நோயில்லாத நிரப்பிய பற்களிலும் அது காணப்பட்டது. நோயுள்ள பல பற்களில் அது இல்லாமல் வேறு பல பாக்டீரியாக்கள் இருந்தன. அந்தப் பெயரும் நிலையானதல்ல; அதன் பேரினப் பெயரே 1984-இல்தான் ஸ்ட்ரெப்டோகாக்கஸிலிருந்து என்டிரோகாக்கஸ் என்று மாறியது என்பதையும் நினைவில் கொள்ளலாம்.

ஆகவே நான் முன்வைப்பது ‘எஞ்சுதொற்று’. இது வினைத்தொகை. ஊறுகாய் என்பது ஊறிய, ஊறுகின்ற, ஊறும் காயைக் குறிப்பதுபோல, எஞ்சுதொற்று என்பது துப்புரவில் எஞ்சிய, இன்றும் எஞ்சுகின்ற, கவனிக்காவிட்டால் இனியும் எஞ்சும் தொற்றைக் குறிக்கும். நோயின் இயல்பும் அதுவே. ‘எச்சத்தொற்று’ என்ற மாற்றைப் பரிந்துரைத்த ஐயா அவர்களின் தருக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் எச்சம் என்றதும் பறவையின் எச்சமும், வாயைப் பற்றிப் பேசும்போது எச்சிலும் நினைவுக்கு வருவதைத் தடுக்க முடியாது. ‘நாட்பட்ட தொற்று’ வேறு பொருளில் வேரூன்றிவிட்டது. ‘விடாத்தொற்று’ என்பதில் உயிர்ப்பு உண்டு, அதை மறுக்கமாட்டேன். நோயாளியிடம் பேசும்போது நானே அப்படிச் சொல்லக்கூடும். ஆனால் பாடநூலில், எங்கிருந்து எஞ்சியது என்ற கேள்வியை எழுப்பும் சொல்தான் மாணவரை அடுத்த படிக்கு, அதாவது தவறவிட்ட கால்வாயைத் தேடுவதற்குக் கொண்டுசெல்லும்.

சிகிச்சையின் போதோ அதற்குப் பிறகோ புதிதாக நுழையும் தொற்று வேறு. தற்காலிக அடைப்பு விழுந்துவிட்டதால், கிரீடத்தின் ஓரம் கசிந்ததால், பல் விரிசல் கண்டதால் உமிழ்நீரோடு பாக்டீரியா உள்ளே போவது அது. ‘இரண்டாம்நிலைத் தொற்று’ என்ற வழக்கு, ஒரு நோயின்மேல் மற்றொரு நோய் ஏறுவதைக் குறிக்கப் பொது மருத்துவத்தில் ஏற்கெனவே இருப்பதால், இங்கே ‘புகுதொற்று’ என்று சொல்லலாம். ‘புகுமுக வகுப்பு’ பழகிய செவிக்கு இது புதிதாகத் தோன்றாது. வேருக்கு வெளியே எலும்புப் பக்கத்தில் ஆக்டினோமைசஸ் போன்ற பாக்டீரியாக்கள் குடியேறுவதை ‘வேர்ப்புறத் தொற்று’ என்பதில் யாருக்கும் மாறுபாடு இருக்காது என்று நம்புகிறேன்.

மீள்தொற்றை முன்மொழிந்த நண்பர் எழுப்பிய ஒரு தடையை மட்டும் நான் முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். எஞ்சியதா, புகுந்ததா என்பதை நாற்காலியில் இருக்கும் நோயாளியைப் பார்த்தே பிரித்துச் சொல்லப் பெரும்பாலும் வழியில்லை; என்டிரோகாக்கஸே கூட, சிகிச்சை செய்யாத பல்லின் முதல் தொற்றில் அரிதாகவும் நிரப்பிய பற்களில் மிகுதியாகவும் இருப்பதால், சிகிச்சைக்கு இடையில் புகுந்திருக்கலாம் என்று கருதவும் இடமுண்டு. அப்படிப் பிரிக்க இயலாதபோது எழுத ஒரு பொதுச்சொல் தேவை. அதற்கு, காலத்தை மட்டும் சொல்லிக் காரணத்தைச் சொல்லாத ‘சிகிச்சைப் பின்தொற்று’ பொருந்தும். மருத்துவக் குறிப்பில் முதலில் இதை எழுதிவிட்டு, பல்லைத் திறந்து பார்த்த பிறகு, தெரிந்தால், எஞ்சுதொற்று என்றோ புகுதொற்று என்றோ திருத்திக்கொள்ளலாம்.

அகராதிக்கு எழுதும்போது எழுத்துமுறையில் ஒரு வேண்டுகோள். வினைத்தொகையில் வல்லினம் மிகாது என்பதால் ‘எஞ்சுத்தொற்று’, ‘புகுத்தொற்று’ என்று ஒற்றிட வேண்டாம். பின்னது ‘புகுத்து’ என்ற பிறவினையாகப் படிக்கப்பட்டு, மருத்துவரே தொற்றைப் புகுத்தினார் என்று பொருள் மாறிவிடும்.