15 மீட்டர் ஆப்டிக்கல் எச்டிஎம்ஐ: புரொஜெக்டரில் படமே வரவில்லை, உதவுங்கள்

கேள்வி:
ஹோம் தியேட்டர் ரிசீவரிலிருந்து புரொஜெக்டருக்கு 15 மீட்டர். இந்த நீளத்துக்குச் சாதா செம்புக் கேபிளில் 4கே தாங்காது என்றதால் ஃபைபர் ஆப்டிக் எச்டிஎம்ஐ வாங்கி, சுவருக்குள் இருக்கும் பைப்பில் அரை நாள் மல்லுக்கட்டி இழுத்து முடித்தேன். இப்போது ‘நோ சிக்னல்’ மட்டும்தான் வருகிறது. 1080பிக்கு இறக்கியும் பார்த்தாச்சு. பழைய 2 மீட்டர் கேபிளில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் படம் பளிச்சென்று வருகிறது, ஆக கருவிகளில் கோளாறு இல்லை. பைப்பில் ஒரு வளைவு இருக்கிறது, உள்ளே கண்ணாடி இழை ஒடிந்திருக்குமோ?

பதில் 1:
ஒடிந்தது என்று முடிவு கட்டாதீர்கள், முதலில் இரண்டு முனையிலும் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஒன்றில் ‘சோர்ஸ்’, மற்றதில் ‘டிஸ்ப்ளே’ என்று இருக்கும். சாதா செம்புக் கேபிளை எப்படித் திருப்பிச் செருகினாலும் ஓடும், இது ஓடாது. ஒரு முனையில் சிக்னலை ஒளியாக்கும் லேசர், மறுமுனையில் அதைத் திரும்ப மின்சாரமாக்கும் சிப், அதனால் படம் ஒரே திசையில்தான் போகும்.

பதில் 2:
எனக்கும் அதே சந்தேகம்தான். வேகம் போதாத கேபிள் என்றால் 1080பியாவது வந்திருக்கும், 4கேவுக்குப் போனால்தான் புள்ளி புள்ளியாக மின்னும், இல்லை அடிக்கடி கறுத்துக் கறுத்து வரும்.

கேட்டவர்:
சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ‘டிஸ்ப்ளே’ முனை ரிசீவரில் இருக்கிறது. 😭 கேபிளைப் பைப்பிலிருந்து உருவாமலே சரிசெய்ய அடாப்டர் ஏதாவது உண்டா?

பதில் 1:
அதை நம்பிக் காசைப் போடாதீர்கள், உருவித்தான் ஆக வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் ஒரு சோதனை: புரொஜெக்டர் பக்கம் இருக்கும் ‘சோர்ஸ்’ முனையில் லேப்டாப்பைச் செருகி, ரிசீவர் பக்கம் ஒரு டிவியை வையுங்கள். படம் வந்தால் இழை நன்றாக இருக்கிறது. உருவும்போது வால் பக்கம் ஒரு உறுதியான கயிற்றைக் கட்டிவிடுங்கள், கேபிள் வெளியே வரும்போது கயிறு பைப்பில் தங்கிவிடும், திரும்ப இழுக்க அதுவே போதும். கயிற்றைப் பிளக்கில் கட்டாமல் உறையைச் சேர்த்துக் கட்டுங்கள், பிளக்கில் இழுத்தால் இழை அங்கேதான் விட்டுப்போகும். அப்புறம், இழுப்பதற்கு முன்னால் தரையில் விரித்துப் போட்டு ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். (இதை நானும் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன்.)

கேட்டவர்:
லேப்டாப் சோதனையில் படம் வந்தது, பாதி உயிர் வந்தது! திருப்பிப் போட்டுவிட்டேன், 4கே 60, எச்டிஆர் எல்லாம் வருகிறது. ஒன்றே ஒன்று: புரொஜெக்டரிலேயே இருக்கும் ஆப்களில் படம் போட்டால் சத்தம் ரிசீவருக்கு வரவில்லை. தனியாக ஒரு ஆப்டிக்கல் ஆடியோ கேபிள் இழுக்கலாமா?

பதில் 2:
வேண்டாம். அந்த டாஸ்லிங்க் கேபிள் வேறு சாதி, பெரும்பாலும் 1 மிமீ பிளாஸ்டிக் இழையும் சிவப்பு எல்இடியும்தான், 5 மீட்டர் வரை கவலையில்லை, 10 தாண்டினால் நம்ப முடியாது. போனாலும் டால்பி டிஜிட்டல் 5.1 வரைதான், தலைக்கு மேலிருந்தும் சத்தம் வரும் அட்மாஸ் போகாது. சத்தம் எச்டிஎம்ஐ வழியாகவே திரும்பி வர கேபிள் பெட்டியில் ஏஆர்சி அல்லது இஏஆர்சி என்று போட்டிருக்க வேண்டும், இரண்டு கருவியிலும் அந்த போர்ட்டில்தான் செருகியிருக்க வேண்டும், செட்டிங்கிலும் ஆன் செய்ய வேண்டும். இவ்வளவு தலைவலிக்கு ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கை நேராக ரிசீவரில் செருகிவிடுங்கள்.

கேட்டவர்:
பெட்டியில் ஏஆர்சி என்ற பேச்சே இல்லை. சரி, ஸ்டிக்கே போடுகிறேன், இன்னொரு தடவை பைப்பைத் தொட எனக்குத் தெம்பில்லை.