சேத்தக் மாதிரி ஹெலிகாப்டர்: சிவப்பு விளக்கு மட்டும் எரிகிறது, எஞ்சினும் வழவழவென்று இருக்கிறது

அம்மாபேட்டைக்காரன் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். விமானப்படையில் மெக்கானிக்காகப் பணியாற்றி ஓய்வு பெற்ற என் தாய்மாமாவுக்கு வருகிற தை மாதம் எண்பது நிறைகிறது. சதாபிஷேகத்தன்று அவர் கையில் கொடுப்பதற்காக, அவர் பல ஆண்டுகள் பராமரித்த சேத்தக் ஹெலிகாப்டரை 1/32 அளவில் கட்டிக்கொண்டிருக்கிறேன். 1959 பிப்ரவரியில் பிரான்சில் முதன்முதலாகப் பறந்த அலூவெட் 3 என்னும் ஹெலிகாப்டரைத்தான் பெங்களூரு எச்.ஏ.எல். உரிமம் பெற்றுச் சேத்தக் என்ற பெயரில் தயாரித்தது என்பதால், அலூவெட் என்று கிடைத்த, துண்டுகளை ஒட்டிக் கட்டும் பிளாஸ்டிக் கிட்டையே வாங்கினேன். எனக்கு இரண்டு இடங்களில் வேலை நின்றுபோயிருக்கிறது.

முதலாவது எஞ்சின். இந்த ஹெலிகாப்டரில் எஞ்சின் மூடிக்குள் ஒளிந்திருப்பதில்லை; விமானி அறைக்குப் பின்னால், சுழலிக்கு (மேலே சுற்றும் இறக்கைத் தொகுதிக்கு) கீழே, திறந்த வெளியில் குழாயும் கம்பியுமாகத் தெரியும். கிட்டில் அது ஒரு வழவழப்பான உருளையாகவும், குழாய்கள் அதன்மேல் வெறும் புடைப்புக் கோடுகளாகவும் வார்க்கப்பட்டிருக்கின்றன. வேறு யாராவது என்றால் கறுப்பு வண்ணம் பூசிச் சமாளித்துவிடலாம், ஆனால் அந்த எஞ்சினைக் கழற்றி மாட்டிய கைக்கு அதைக் கொடுக்க எனக்குக் கூசுகிறது. எதைக்கொண்டு குழாய் செய்வது, எங்கே தொடங்குவது?

இரண்டாவது விளக்குகள். இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, வாலில் வெள்ளை, முன்னால் தரையிறங்கும் விளக்கு ஆகிய நான்கு எல்இடிகளையும் பக்க இணைப்பாகச் சேர்த்து, மின்னோட்டத்தைக் குறைக்கும் ஒரே ஒரு 470 ஓம் ரெசிஸ்டர் வழியாக 9 வோல்ட் பேட்டரியில் கொடுத்தேன். சிவப்பு மட்டும் பளிச்சென்று எரிகிறது. மற்ற மூன்றும் உயிரற்றுக் கிடக்கின்றன. கோபத்தில் ரெசிஸ்டரை எடுத்துவிட்டு நேராகக் கொடுத்ததில் சிவப்பும் ஒரு சிறு சத்தத்தோடு போய்ச் சேர்ந்தது. எச்சரிக்கை விளக்குக்காக வாங்கிய, தானாக மின்னும் எல்இடியோ கல்யாண மண்டபத்துச் சீரியல் பல்பைப் போலப் படபடக்கிறது. போதாக்குறைக்கு, விளக்கை எரியவிட்டால் உடல் பகுதியின் பிளாஸ்டிக் சுவரே சிவந்து ஒளிர்கிறது. வழிகாட்ட வேண்டுகிறேன்.

சூரமங்கலம் வாத்தியார் எழுதியது:

தம்பி, தொழிற்பயிற்சி நிலையத்தில் மின்னியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் விளக்குகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். எஞ்சினுக்கு வேறு கைகள் வரும்.

உங்கள் எல்இடிகள் மூன்றும் கெட்டுப்போயிருக்கவில்லை. சிவப்பு எல்இடி எரிய ஏறத்தாழ 2 வோல்ட் போதும், ஆனால் இப்போது கிடைக்கும் பிரகாசமான பச்சைக்கும் வெள்ளைக்கும் 3 வோல்ட் அளவுக்கு வேண்டும். நான்கையும் பக்க இணைப்பாக ஒரே ரெசிஸ்டருக்குப் பின்னால் கட்டும்போது, பள்ளத்திலிருக்கும் மடை வாய்க்கால் தண்ணீரை எல்லாம் குடித்துவிடுவதைப் போலச் சிவப்பு தன் 2 வோல்ட்டிலேயே மின்னோட்டம் முழுவதையும் இழுத்துக்கொள்கிறது. மற்றவற்றின் முனைகளில் மின்னழுத்தம் 2 வோல்ட்டுக்கு மேல் ஏறவே வழியில்லாததால் அவை எரிவதில்லை. ஆகவே ஒவ்வொரு எல்இடிக்கும் தனித்தனி ரெசிஸ்டர் என்பதை மாற்றமில்லாத விதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

9 வோல்ட் பேட்டரியை விட்டுவிட்டு, மரப்பீடத்துக்குள் ஒரு பழைய மொபைல் சார்ஜரின் 5 வோல்ட்டைக் கொண்டுவருவது நல்லது என்பது என் கருத்து. வழங்கும் மின்னழுத்தத்திலிருந்து எல்இடியின் மின்னழுத்தத்தைக் கழித்து, வேண்டிய மின்னோட்டத்தால் வகுத்தால் ரெசிஸ்டரின் மதிப்பு வந்துவிடும். சிவப்புக்கு 5 கழித்தல் 2, அதாவது 3 வோல்ட்; 3 மில்லி ஆம்பியர் போதுமென்றால் 1000 ஓம். பச்சைக்கு அதே கணக்கில் 680 ஓம் வரும். ஆனால் நம் கண்ணுக்குப் பச்சை கூடுதலாகத் தெரியும் என்பதால் 2200 ஓம் போட்டுப் பாருங்கள், இரண்டும் சமமாகத் தோன்றும். வால் வெள்ளைக்கு 1000 ஓம், தரையிறங்கும் விளக்குக்கு மட்டும் தாராளமாக 220 ஓம். அக்காலத்து விளக்குகள் இழை பல்புகள் என்பதால், நீலம் பாய்ந்த வெள்ளை எல்இடியைத் தவிர்த்து, இளமஞ்சள் வெள்ளையை வாங்குங்கள்.

இடம், வலம், வால் ஆகிய மூன்று விளக்குகளும் நிலையாக எரிபவை. அவற்றை மின்ன வைத்துவிடாதீர்கள். மின்னுவது மோதல் தடுப்புக்கான சிவப்பு விளக்கு மட்டுமே, அதுவும் நிமிடத்துக்கு 40 முதல் 100 முறை என்பது வான்வழி விதிகளில் உள்ள வரம்பு. இதற்கு 555 டைமர் ஐ.சி. (நேரம் கணித்து மின்ன வைக்கும் எட்டுக் கால் சில்லு) போதும். 8ஆம் காலுக்கும் 7ஆம் காலுக்கும் இடையே 120 கிலோ ஓம், 7க்கும் 6க்கும் இடையே 10 கிலோ ஓம், 6ஐயும் 2ஐயும் சேர்த்து அங்கிருந்து தரைக்கு 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கி என்று கட்டி, 4ஆம் காலை 8உடன் சேர்த்துவிடுங்கள். எல்இடியை 470 ஓம் ரெசிஸ்டரோடு 5 வோல்ட்டுக்கும் 3ஆம் காலுக்கும் இடையே கொடுக்க வேண்டும். பலரும் செய்வதுபோல 3ஆம் காலுக்கும் தரைக்கும் இடையே கொடுத்தால் விளக்கு எப்போதும் எரிந்து நொடிப்பொழுது மட்டும் அணையும். நான் சொன்னபடி கட்டினால் நொடிக்கு ஒருமுறை போல, 0.07 நொடி மட்டும் பளிச்சிடும். பழைய வகை எச்சரிக்கை விளக்கு உள்ளே சுழல்வது என்பதால் அது வெட்டினாற்போல அணையாது. அந்தத் தோற்றம் வேண்டுமானால் எல்இடிக்குப் பக்க இணைப்பாக 100 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றைச் சேருங்கள், மெல்ல மங்கி அணையும்.

சுவர் ஒளிர்வதற்குக் காரணம் பிளாஸ்டிக் ஒளியைக் கடத்துவதுதான். உள்ளே முதலில் கறுப்பு, அதன்மேல் வெள்ளி வண்ணம் பூசினால் நின்றுவிடும்.

சிவதாபுரம் கம்பியச்சு எழுதியது:

வாத்தியார் ஐயா விளக்கை முடித்துவிட்டதால் நான் எஞ்சினுக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் இரண்டு தலைமுறையாகக் கொலுசு வேலை. ஓய்வு நேரத்தில் நான் கட்டுவது விமான மாதிரிகள். சேலத்துக்காரருக்கு இந்த வேலையில் கருவிக்குப் பஞ்சமே இல்லை என்பதைத் தைரியமாகச் சொல்லலாம்.

குழாய் செய்யத் தொடங்குமுன் ஒரு கணக்கைச் செய்துகொள்ளுங்கள். 1/32 அளவில் 16 மி.மீ. குழாய் என்பது அரை மி.மீ. கம்பி, 8 மி.மீ. குழாய் என்பது கால் மி.மீ. மட்டுமே. இதைப் பார்க்காமல் கையில் கிடைத்த கம்பியை ஒட்டினால், எஞ்சின்மேல் தோட்டத்து ஹோஸ் படர்ந்ததுபோல ஆகிவிடும். சொந்தமாகச் செய்த விவரங்கள் பெரும்பாலும் கெடுவது பருமனால்தான். மெல்லிய குழாய்களுக்கு மோட்டார் வைண்டிங் கடையில் கிடைக்கும் எனாமல் பூசிய செப்புக் கம்பியே சிறந்தது, துண்டாகக் கேட்டாலும் தருவார்கள். விளக்குகளுக்கான வயராகவும் அதையே பயன்படுத்தலாம். முனையில் எனாமலைச் சுரண்டிவிட்டுப் பற்றவையுங்கள். வேண்டிய பருமன் கிடைக்காவிட்டால் செவ்வாய்ப்பேட்டையிலோ எங்கள் பக்கத்திலோ ஏதேனும் ஒரு பட்டறையில் கேளுங்கள், கம்பியச்சில், அதாவது கம்பியை இழுத்து மெலிதாக்கும் துளைத்தகட்டில், இரண்டு துளை இழுத்துக் கொடுத்துவிடுவார்கள். இழுத்த கம்பி விறைத்துப்போயிருக்கும். மங்கிய சிவப்பாகும்வரை சூடாக்கித் தண்ணீரில் போட்டால் நூல்போல வளையும். ஆனால் சூட்டில் எனாமல் எரிந்துபோகும் என்பதால், விளக்குக்கான கம்பியை இப்படிச் செய்யாதீர்கள்.

நேரான, விறைப்பான குழாய்களுக்கு மருந்துக்கடை ஊசிகளைப் பாருங்கள். 26 கேஜ் ஊசியின் வெளிப்பருமன் 0.46 மி.மீ., 21 கேஜ் 0.82 மி.மீ., 18 கேஜ் 1.27 மி.மீ. புதிய ஊசியை மட்டும் வாங்குங்கள். இடுக்கியால் நறுக்கினால் வாய் நசுங்கிவிடும். ஒரு கண்ணாடித் துண்டின்மேல் ஊசியை வைத்து, முக்கோண அரத்தின் விளிம்பால் அழுத்தி முன்னும் பின்னும் உருட்டுங்கள், சுற்றிலும் பள்ளம் விழுந்ததும் சாமணத்தால் பிடித்து ஒடித்தால் துளை துளையாகவே நிற்கும். குழாய்களைப் பிடித்து நிறுத்தும் பட்டைகளுக்கு மாத்திரை அட்டையின் பின்பக்கத் தகட்டை முக்கால் மி.மீ. அகலத்தில் நறுக்கிச் சுற்றினால் போதும். இதை முதன்முதலில் செய்தபோது அரைமணி நேரத்தில் இரண்டே பட்டை சுற்றினேன். பத்தாவது பட்டைக்குப் பிறகு கை பழகிவிடும்.

தொடங்கும் இடம் பெரிய குழாய். வார்த்த கோடுகளை முழுவதும் சுரண்டி எடுத்துவிட்டு, படத்தைப் பார்த்து முதலில் பருத்தவற்றை இடுங்கள், அவற்றின்மேல் மெல்லியவை, கடைசியில் மின்கம்பிகள். எந்தக் குழாயும் வெட்டவெளியில் முடியக்கூடாது, இரு முனையும் எங்கேயோ போய்ச் சேர வேண்டும். மெக்கானிக்குகளின் கண் முதலில் தேடுவது அதைத்தான்.

இன்னொன்று. பின் சக்கரக் கால்கள் இரண்டுக்கும் பிளாஸ்டிக்கை நீக்கி உலோகக் குழாய் வைத்தால், ஒரு காலை நேர்மின் முனையாகவும் மறு காலை எதிர்மின் முனையாகவும் பயன்படுத்திக்கொள்ளலாம். பீடத்தில் இரு பித்தளைத் தகடுகள், அவ்வளவுதான். வயர் எதுவும் வெளியே தெரியாது, மாமா கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தால் விளக்கு தானே எரியும்.

அம்மாபேட்டைக்காரன் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. மூன்று வாரங்களில் எஞ்சின் ஆளே மாறிவிட்டது. பதினேழு குழாய்கள், முப்பதுக்கும் மேல் பட்டைகள். விளக்குகள் ஐந்தும் எரிகின்றன, பச்சைக்கு 2200 ஓம் மிகச் சரியாக அமைந்தது. சார்ஜருக்குப் பதிலாகப் பவர் பேங்க் வைத்துப் பார்த்தேன், அரை நிமிடத்தில் தானாக அணைந்துவிடுகிறது. மீண்டும் தட்டினால் எரிந்து மீண்டும் அணைகிறது. அது ஏன் என்று தெரிந்தால் சொல்லுங்கள்.

புதிதாக ஒரு தொல்லையும் முளைத்திருக்கிறது. கண்ணாடி முகப்பை உடனடிப் பசையால் ஒட்டினேன், மறுநாள் காலையில் உட்புறமெல்லாம் வெண்புகை படிந்ததுபோல் ஆகிவிட்டது. இந்த ஹெலிகாப்டரின் முன்பாதி முழுவதும் கண்ணாடி என்பதால் மறைக்கவும் வழியில்லை. இரண்டு படங்களை இணைத்திருக்கிறேன்.

சூரமங்கலம் வாத்தியார் எழுதியது:

பவர் பேங்க் பழுதில்லை, தம்பி. இழுக்கும் மின்னோட்டம் மிகக் குறைவாக இருந்தால், போன் சார்ஜ் ஆகி முடிந்துவிட்டது என்று கருதிப் பல பவர் பேங்குகள் தாமாக நின்றுவிடும். உங்கள் விளக்குகள் எல்லாம் சேர்ந்தும் இருபது, முப்பது மில்லி ஆம்பியர்தான். சார்ஜரே வையுங்கள்.

ஏற்காடு காப்பித்தோட்டம் எழுதியது:

கண்ணாடியில் படிந்தது உடனடிப் பசையின் ஆவி. மேற்பரப்பில்தான் இருக்கும் என்பதால், முகப்பை மெதுவாகக் கழற்றி, வெள்ளைப் பற்பசையை மெல்லிய பருத்தித் துணியில் தொட்டு வட்டமாகத் தேய்த்தால் பெரும்பாலும் போய்விடும். திரும்ப ஒட்டும்போது ஃபெவிகாலைப் பயன்படுத்துங்கள். காயும்போது நிறமற்றுப் போகும், வழிந்தாலும் ஈரத்துணியால் துடைக்கலாம். எங்கேனும் ஒளியிழை வைத்திருந்தால் அதற்கும் உடனடிப் பசை ஆகாது, தொட்ட இடத்தில் நொறுங்கும்.

அடுத்து நீங்கள் செய்யப்போவது வண்ணம் என்பதால் ஒரு எச்சரிக்கை. மூடுபனி இறங்கும் மாலைகளில் லேக்கர் வண்ணம் தெளித்தால், காற்றின் ஈரம் வண்ணத்தின்மேல் படிந்து வெளுத்துப்போகும். இங்கே மேலே நான் ஐப்பசி, கார்த்திகையில் வண்ணம் தெளிக்கும் துப்பாக்கியைத் தொடுவதே இல்லை. 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வந்து, அஸ்தம்பட்டியில் தங்கை வீட்டு மாடியில் வெயிலேறிய பிறகு அடித்துக்கொண்டு போகிறேன். நீங்கள் கீழேயே இருப்பவர், மழை நாளை மட்டும் தவிர்த்தால் போதும்.

இனிச் சொல்லப்போவதற்குக் கோபிக்க வேண்டாம். உங்கள் இரண்டாவது படத்தில் சுழலி இறக்கைகள் மூன்றும் மேல்நோக்கி வளைந்திருக்கின்றன. நிற்கும் ஹெலிகாப்டரின் இறக்கைகள் தம் பாரத்தால் கீழே தொங்க வேண்டும். அதைப் பார்த்துச் சந்தேகப்பட்டுப் படத்தைப் பெரிதாக்கினேன். மூன்றையும் தலைகீழாக ஒட்டியிருக்கிறீர்கள். பிரெஞ்சு ஹெலிகாப்டர்களின் பெரிய சுழலி, மேலிருந்து பார்த்தால் கடிகாரம் சுற்றும் திசையில் சுற்றும். ஆகவே மூக்குக்கு நேராக நீட்டிய இறக்கையின் தடித்த விளிம்பு விமானியின் வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும். உங்களுடையதில் இடப்பக்கம் இருக்கிறது. பதினேழு குழாய்களையும் சரியாக இட்ட பிறகு, உங்கள் மாமா வாசலில் நுழையும்போதே பார்க்கப்போவது இதைத்தான்.

அம்மாபேட்டைக்காரன் எழுதியது:

கோபம் எதற்கு, ஐயா? நல்லவேளை தைக்கு முன் சொன்னீர்கள். கிட்டின் செய்முறைத் தாளை எடுத்துப் பார்த்தேன். அதில் சரியாகத்தான் போட்டிருக்கிறது, அன்று மின்தடையில் டார்ச் வெளிச்சத்தில் ஒட்டியது என் தவறு.

நேற்றிரவு இரண்டு இறக்கைகள் அலுங்காமல் கழன்று வந்தன, திருப்பி ஒட்டிவிட்டேன். மூன்றாவது வேரோடு ஒடிந்துவிட்டது. துளையிட்டு, உள்ளே ஊசித்துண்டு செருகி நிறுத்தலாம் என்று நினைக்கிறேன். வேர்ப்பகுதி ஒன்றரை மி.மீ. தடிமன்தான் என்பதால் 26 கேஜ் போதுமா, 21 தேவைப்படுமா என்று தெரியவில்லை. கம்பியச்சு அண்ணா, ஞாயிற்றுக்கிழமை பட்டறையில் இருப்பீர்கள் என்றால் இறக்கையை எடுத்துக்கொண்டு சிவதாபுரத்துக்கே வந்துவிடுகிறேன்.

சிவதாபுரம் கம்பியச்சு எழுதியது:

26 கேஜ் போதும், 21 போட்டால் சுவர் பிளந்துவிடும். பத்து மணிக்கு மேல் வாருங்கள். சுழலியின் நடுத்தலையையும் மறக்காமல் எடுத்து வாருங்கள், தொங்கலை மற்ற இரண்டோடு ஒப்பிட்டுத்தான் துளையின் சாய்வை முடிவு செய்ய முடியும்.